பனிக்காலப் பணிப்பயணத்துக்குச் சிறிய நான்கு சக்கர இயக்க வண்டி: ஜப்பானிய ஜிம்னியை முன்வைத்து

நான்கு சக்கர இயக்கம் என்பது வண்டியின் எஞ்சின் ஆற்றல் முன் சக்கரங்களுக்கோ பின் சக்கரங்களுக்கோ மட்டும் செல்லாமல், நான்கு சக்கரங்களுக்கும் செல்லும் அமைப்பு ஆகும். இவ்வமைப்பு கொண்ட சிறிய வண்டிகள், வெண்பனி மிகுதியாகப் பொழியும் நாடுகளில் தினமும் வேலைக்குச் சென்று திரும்புவோரால் விரும்பி வாங்கப்படுகின்றன. ஜப்பானின் சுசுகி நிறுவனம் 1970 முதல் தயாரித்துவரும் ஜிம்னி இவ்வகையில் உலகெங்கும் அறியப்பட்டது. ஆனால் "நான்கு சக்கரமும் இழுக்கும், ஆகவே பனியில் பயமில்லை" என்ற எண்ணம் பாதி மட்டுமே சரி. மீதிப் பாதியை அறியாமல் வாங்குபவர் பணத்தை இழக்கலாம். சில வேளைகளில் உயிருக்கே ஆபத்து நேரலாம். இத்தகைய வண்டி யாருடைய பயணத்துக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதை முடிவு செய்யத் தேவையான செய்திகளை இக்கட்டுரை விளக்குகிறது.

பனிநாடு

குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வீசும் வறண்ட குளிர்காற்று, ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அக்கடலில் வெப்பமான சுஷிமா நீரோட்டம் ஓடுவதால் ஆவியாதல் அதிகம். இந்த ஈரக்காற்று ஜப்பானின் நடுவே ஓடும் மலைத்தொடரில் மோதி, மேற்குச் சரிவுகளில் வெண்பனியாகக் கொட்டுகிறது. நீகாட்டா, தொயாமா, அகிட்டா, அவோமொரி முதலிய மாவட்டங்களும் வடக்கே ஹோக்கைடோ தீவும் இதில் அடங்கும். இப்பகுதியை ஜப்பானியர் 'யுகிகுனி', அதாவது பனிநாடு என்று அழைக்கின்றனர். மலையின் மறுபுறம் உள்ள டோக்கியோவில் அதே நாளில் நல்ல வெயில் அடிக்கும்.

சுமார் இருபது லட்சம் மக்கள் வாழும் சப்போரோ நகரில் ஓராண்டில் விழும் பனியைக் கூட்டினால் ஏறக்குறைய 5 மீட்டர் வரும். இவ்வளவு பனி விழும் இடத்தில் இத்தனை பெரிய நகரம் உலகில் அரிது. பள்ளி, மருத்துவமனை, தொழிற்சாலை எதுவும் பனிக்காக எளிதில் மூடப்படுவதில்லை. சப்போரோவில் சுரங்க ரயில் உண்டு. ஆனால் நீகாட்டாவின் ஒரு மலைக்கிராமத்தில் இருந்து முதியோர் இல்லத்துக்குக் காலைப் பணிக்குச் செல்லும் செவிலியருக்கு, வண்டியைத் தவிர வேறு வழி இல்லை.

பனியை அகற்றும் முறையும் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. நீகாட்டாவின் நாகோகா நகரில் 1960-களின் தொடக்கத்தில் ஒரு புதிய முறை பரவியது. சாலையின் நடுவே குழாய் பதித்து, நிலத்தடி நீரைச் சிறு துளைகள் வழியே பீய்ச்சி, விழும் பனியை அப்போதைக்கப்போது கரைப்பது இம்முறை. நிலத்தடி நீர் குளிர்காலத்திலும் 13 டிகிரி அளவு வெப்பத்தில் இருப்பதால் இது சாத்தியமாகிறது. நீரில் உள்ள இரும்புச் சத்தால் அந்நகரச் சாலைகள் துருநிறமாக இருப்பதை இன்றும் காணலாம். கடுங்குளிர் நிலவும் ஹோக்கைடோவில் இம்முறை உதவாது. ஊற்றிய நீரே உறைந்துவிடும். அங்கே பனிவாரி எந்திரங்கள் விடியுமுன் சாலையைத் தள்ளிச் செல்கின்றன. தள்ளிய பனி வீட்டு வாசலில் கெட்டியான வரப்பாகக் கிடக்கும். அந்த வரப்பைத் தாண்டி வண்டியை வெளியே எடுப்பதே பலருக்கு அன்றைய முதல் சோதனை.

இந்த வேறுபாட்டை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. ஒரே நாட்டின் பனிக்காலச் சாலைகளே ஈரச் சாலை, இறுகிய பனி, கண்ணாடி போன்ற பனிக்கட்டி, ஆழமான புதுப்பனி என்று நான்கு விதமாக உள்ளன. 'பனிக்கு ஏற்ற வண்டி' என்று பொதுவாகச் சொல்வதில் பொருள் அதிகம் இல்லை. தாம் செல்லும் சாலை இவற்றில் எது என்பதையே வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டும்.

நான்கு சக்கரம் இழுப்பதால் கிடைப்பது

டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள பிடிப்பை உராய்வுக் கெழு என்னும் எண்ணால் குறிக்கிறோம். உலர்ந்த தார்ச்சாலையில் இது ஏறக்குறைய 0.7; இறுகிய பனியில் 0.25 அளவு, பனிக்கட்டியில் 0.1 அல்லது அதற்கும் கீழே. டயரின் தரத்தையும் குளிரையும் பொறுத்து இவை சற்று மாறும். கணக்குப் போட்டுப் பார்க்க இந்த மூன்று எண்களும் போதும்.

முன் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் ஒரு சிறு காரில், மொத்த எடையில் சுமார் 60 விழுக்காடு முன் சக்கரங்களின் மீது இருக்கும். இழுக்கும் சக்கரத்தின் மீது உள்ள எடைதான் பிடிப்பாக மாறும். எனவே பனிக்கட்டிச் சாலையில் அந்தக் கார் ஏறக்கூடிய ஏற்றம், 100 மீட்டருக்கு அதிகபட்சம் 6 மீட்டர். உண்மையில் ஏறும்போது எடை பின்னுக்குச் சாய்வதால் இன்னும் குறையும். நான்கு சக்கரமும் இழுத்தால் முழு எடையும் பயன்படுகிறது. ஏற்றம் 10 மீட்டர் வரை போகலாம். இறுகிய பனியில் இதே கணக்கு 15 மீட்டர், 25 மீட்டர் என்று வரும். சிக்னலில் நின்று புறப்படும்போதும், வாசல் வரப்பைத் தாண்டும்போதும், மலைக்கிராம ஏற்றத்திலும் நான்கு சக்கர இயக்கம் காட்டும் வித்தியாசம் இதுவே. இது சிறிய வித்தியாசம் அல்ல.

கிடைக்காதது

நிறுத்துவதற்கு இந்த அமைப்பு பயன்படாது. எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் உண்டு. விலை குறைந்த காரும் நான்கு சக்கரத்தால்தான் நிற்கிறது. விலை உயர்ந்த காரும் அப்படியே. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 11.1 மீட்டர் வேகத்தில், செல்லும் வண்டியின் பிரேக்கை முழுதாக அழுத்தினால் உலர்ந்த சாலையில் சுமார் 9 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் 25 மீட்டர் ஆகும். பனிக்கட்டியில் 63 மீட்டர் ஆகும். வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் கெழுவையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் இரண்டையும் பெருக்கி வருவதால் வகுத்தால் இந்த விடைகள் கிடைக்கும். பள்ளி இயற்பியல் படித்த எவரும் சரிபார்க்கலாம். ஓட்டுநர் சுதாரிக்க எடுக்கும் ஒரு நொடியில் வண்டி கடக்கும் 11 மீட்டரை இவற்றோடு தனியே கூட்ட வேண்டும். வண்டியின் எடை இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதையும் கவனிக்கலாம். எத்தனை சக்கரம் இழுக்கிறது என்பதும் வரவில்லை.

இதிலிருந்து பலரும் எண்ணிப் பார்க்காத ஓர் ஆபத்து பிறக்கிறது. 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் ஒரு பனிக்கட்டிச் சாலையை எடுத்துக்கொள்வோம். முன்சக்கர இயக்கக் கார் அதில் ஏற முடியாமல் அடிவாரத்திலேயே சக்கரம் சுழன்று நின்றுவிடும். ஓட்டுநர் சலித்துக்கொண்டு வேறு வழி போவார். நான்கு சக்கர இயக்க வண்டி அதே சாலையில் ஏறிவிடும். ஏறிய வண்டி மாலையில் இறங்க வேண்டுமே! இறங்கும்போது பிடிப்பில் பெரும்பகுதி சரிவை எதிர்ப்பதிலேயே செலவாகி, 0.02 அளவே வண்டியை நிறுத்த மிஞ்சுகிறது. மணிக்கு வெறும் 20 கி.மீ. வேகத்தில் இறங்கும் வண்டி நிற்பதற்கு ஏறக்குறைய 79 மீட்டர் தேவைப்படும். இடையில் ஒரு வளைவு வந்தால் வண்டி நேரே சாலையை விட்டு வெளியே போகும். பனிநாட்டில் வரப்பில் கவிழ்ந்து கிடக்கும் வண்டிகளில் நான்கு சக்கர இயக்க வண்டிகளும் நிறையவே உண்டு. சிரமமில்லாமல் கிளம்ப முடிவதால், சாலை எவ்வளவு வழுக்குகிறது என்ற எச்சரிக்கை ஓட்டுநருக்குக் கிடைக்காமல் போவதே இதற்கு முதற்காரணம்.

ஒரு சலுகை மட்டும் உண்டு. தாழ்ந்த கியரில் இறங்கும்போது எஞ்சின் கொடுக்கும் தடுப்பு, நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து செல்வதால் வண்டி கோணாமல் இறங்கும். பின் இரு சக்கரங்கள் மட்டும் தடுக்கப்பட்டால் வால்புறம் வீசும்.

இரு வகை இயக்கம்

சிறிய வண்டிகளில் காணப்படும் நான்கு சக்கர இயக்கம் பெரும்பாலும் இரு வகை. முதல் வகையில் ஓட்டுநரே நெம்புகோலால் முன் சக்கரங்களை இணைக்க வேண்டும். ஜிம்னி இவ்வகையைச் சேர்ந்தது. அதில் மூன்று நிலைகள் உள்ளன. சாதாரணச் சாலைக்குப் பின்சக்கர இயக்கம் உள்ளது. பனிச்சாலைக்கு நான்கு சக்கர உயர்நிலை. மாட்டிக்கொண்டால் மீள்வதற்கும் கடும் ஏற்ற இறக்கத்துக்கும் நான்கு சக்கரத் தாழ்நிலை. முன் அச்சும் பின் அச்சும் இறுக்கமாக இணைக்கப்படுவதால் இழுவை உறுதியானது. அந்த இறுக்கமே உலர்ந்த சாலையில் குறையாகிறது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் செல்ல வேண்டும். நடுவே வேறுபாட்டுப் பல்லிணை இல்லாததால் அந்த வித்தியாசம் டயர்கள் சறுக்கித்தான் தீர வேண்டும். பனியில் அது தானே சறுக்கிவிடும். உலர்ந்த தரையில் வண்டி பிரேக் பிடித்ததுபோல் திக்கித் திணறும், பல்லிணைகளுக்கும் கேடு.

இரண்டாவது வகையில் முன் சக்கரங்கள் எப்போதும் இழுக்கும். அவை சறுக்கத் தொடங்கியதும் நடுவே உள்ள விஸ்கஸ் கப்ளிங் என்னும் பிசுபிசுப்பு எண்ணெய் இணைப்பு பின் சக்கரங்களுக்கு ஆற்றலைத் தானாகக் கடத்தும். சுசுகியின் ஹஸ்லர் முதலான பல சிறு கார்களின் நான்கு சக்கர வகைகள் இப்படிப்பட்டவை. கடும் பனியில் இவை ஜிம்னிக்கு ஈடாகா. ஆனால் வேலைக்குச் செல்வோரின் சாலையை நினைத்துப் பார்க்க வேண்டும். வீட்டு வாசலில் பனி இருக்கும். நகரச் சாலையில் வெறும் ஈரம். சுரங்கப்பாதைக்குள் காய்ந்த தரை. வெளியே வந்ததும் பாலத்தின் மீது பனிக்கட்டி. அரை மணிப் பயணத்தில் நாலைந்து முறை தரை மாறும். ஜிம்னியின் உயர்நிலையை ஓடும்போதே மாற்றலாம் என்றாலும், மாற்ற வேண்டும் என்று ஓட்டுநருக்குத் தோன்ற வேண்டும். மறந்துபோய்ப் பின்சக்கர இயக்கத்திலேயே பனிக்கட்டியில் போனால், அந்த நேரத்தில் ஜிம்னி ஒரு சாதாரண முன்சக்கர இயக்கக் காரைவிட மோசமானது. களைத்துத் திரும்பும் இரவுப் பயணத்தில் தானியங்கி முறையே நம்பத்தக்கது என்று சொல்லலாம்.

சாதாரணக் காருக்கு நான்கு சக்கர இயக்கம் என்ற எண்ணம் பிறந்த கதையும் பனிநாட்டைச் சேர்ந்ததே. வடகிழக்கு ஜப்பானின் தோஹோகு மின்சார நிறுவன ஊழியர்கள் பனிமலைகளில் மின்கம்பிகளைப் பராமரிக்க ஜீப் வகை வண்டிகளில் சென்று வந்தனர். அவை பனியில் போகும். ஆனால் உள்ளே குளிர் தாங்காது, நல்ல சாலையில் உடம்பு குலுங்கும். ஜீப்பைப் போலப் போகவும் காரைப் போல உட்காரவும் ஒரு வண்டி வேண்டும் என்ற அவர்களது கோரிக்கையின் பேரில் சுபாரு செய்த முயற்சியே 1972-இல் லியோன் எஸ்டேட் வேன் நான்கு சக்கர இயக்க வண்டியாக விற்பனைக்கு வந்தது. ஐரோப்பாவில் 1983-இல் வந்த ஃபியட் பாண்டா 4×4, ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களில் அதே வேலையைச் செய்தது.

ஜிம்னி

ஜப்பானில் 'கே' எனப்படும் குறுங்கார் வகைக்குச் சட்டப்படி அளவு வரம்பு உண்டு. இன்றைய விதிப்படி நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், எஞ்சின் 660 சி.சி. ஆகியவற்றைத் தாண்டக் கூடாது. வரியும் சுங்கக் கட்டணமும் குறைவு. சொந்தப் பயன்பாட்டுக்கான குறுங்காரின் ஆண்டு வரி 10,800 யென். 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள புதிய காருக்கு 30,500 யென். கிராமங்களில் வீட்டுக்கு இரண்டு மூன்று குறுங்கார்கள் நிற்பதற்கு இதுவே காரணம்.

ஹோப் என்ற சிறு நிறுவனம் உருவாக்கிய ஓஎன்360 என்ற வண்டியின் உரிமையைச் சுசுகி வாங்கி, தன் எஞ்சினைப் பொருத்தி மேம்படுத்தி, 1970 ஏப்ரலில் முதல் ஜிம்னியை வெளியிட்டது. அதன் எஞ்சின் வெறும் 359 சி.சி. அதன் பின் 1981, 1998, 2018 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்த தலைமுறைகள் வந்தன. ஏணி போன்ற தனிச் சட்டகம், முன்னும் பின்னும் உறுதியான ஒற்றை அச்சு, தாழ்நிலைப் பல்லிணை ஆகிய மூன்றையும் அந்நிறுவனம் கைவிடவே இல்லை.

2018-இல் வந்த ஜேபி64 என்ற குறுங்கார் வகை 658 சி.சி. டர்போ எஞ்சின் கொண்டது; ஆற்றல் 64 குதிரைத்திறன்; எடை ஏறக்குறைய 1,030 கிலோ. தரையிலிருந்து அடிப்பாகத்துக்கு உள்ள இடைவெளி 205 மி.மீ. பனிக்கு இந்த இடைவெளி மிக முக்கியம். பனியின் ஆழம் அதைத் தாண்டினால் வண்டியின் வயிறு பனிமேல் அமர்ந்துகொள்ளும். சக்கரங்கள் காற்றில் சுழலும். ஜப்பானியர் இதை 'ஆமைக்குட்டி' நிலை என்பார்கள். கவிழ்த்த ஆமை கால்களை ஆட்டுவதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர் போலும். ஓரிரவில் அரை மீட்டர் பனி விழும் ஊரில் ஜிம்னியும் ஆமையாகும். சாதாரணக் கார் அதற்கு வெகு முன்பே ஆகியிருக்கும், அவ்வளவே.

நான்கு சக்கரம் இழுத்தும் வண்டி நகராத நிலை ஒன்று உண்டு. ஒவ்வோர் அச்சிலும் உள்ள டிஃபரென்ஷியல் பல்லிணை, சறுக்கும் சக்கரத்துக்கே சுழற்சியை விட்டுவிடும் இயல்புடையது. முன் இடது, பின் வலது என்று குறுக்காக இரு சக்கரங்கள் பிடிப்பை இழந்தால் அவை மட்டும் சுழலும். மற்ற இரண்டும் சும்மா இருக்கும். இப்போதைய ஜிம்னியில் தாழ்நிலையில் போட்டால், சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் தானாகப் பிடித்து மறு சக்கரத்துக்கு ஆற்றலைத் தள்ளும் ஏற்பாடு உள்ளது. இது நன்றாகவே வேலை செய்கிறது. பழைய ஜிம்னி வாங்க நினைப்போர் அவற்றில் இந்த ஏற்பாடு இல்லை என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

குறைகளும் சிறியவை அல்ல. முன் பின் அச்சுகளுக்கு இடையே 2,250 மி.மீ. மட்டுமே; உயரமோ 1,725 மி.மீ. குட்டையான, உயரமான வண்டி பனிக்கட்டியில் திரும்பத் தொடங்கினால் வேகமாகச் சுற்றிவிடும். இப்போது வண்டியில் உள்ள நிலைநிறுத்தும் மின்னணுக் கருவி பெருமளவு உதவுகிறது என்றாலும், பிடிப்பே இல்லாத இடத்தில் அதுவும் பிடிப்பை உண்டாக்க முடியாது.

இன்னொன்று, சுற்றுலா வந்தவர்களுக்குத் தெரியாதது. அங்கேயே வாழ்பவர்களுக்கு நன்கு தெரிந்தது. பனி இறுகிய தெருவில் வண்டிகள் ஓடி ஓடி இரண்டு தடப்பள்ளங்கள் விழும். அவற்றின் இடைவெளி பெரிய கார்களின் சக்கர இடைவெளிக்கு ஏற்ப, சுமார் 1.5 மீட்டர் இருக்கும். குறுங்கார் ஜிம்னியின் இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1.27 மீட்டர் அளவே. ஒரு சக்கரம் பள்ளத்தில் போனால் மற்றது மேட்டில் ஏறும். வண்டி பக்கவாட்டில் நழுவிக்கொண்டே இருக்கும். ஓட்டுநரின் கைகள் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கும். மாட்டிக்கொள்ளாது; ஆனால் ஒரு மணி நேரம் இப்படி ஓட்டிப் போய் வேலையில் உட்காருவது பெரும் களைப்பு. குறுங்கார்களின் பொதுக் குறை இது. அகலம் குறைவாக இருப்பதில் நன்மையும் உண்டு. இருபுறமும் பனிச்சுவர் எழும்பி ஒரு வண்டி போகும் அளவே மிஞ்சிய தெருவில் எதிரே வண்டி வந்தால் 1.475 மீட்டர் அகலத்தின் அருமை புரியும்.

எரிபொருள் கணக்கில் ஜிம்னி சிக்கனமானதல்ல. தானியங்கி கியருக்கும் கைக் கியருக்கும் ஏற்ப, அறிவிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 13 முதல் 16 கி.மீ. சுற்றி உள்ளது. அதே நிறுவனத்தின் ஹஸ்லர் நான்கு சக்கர வகை 20 கி.மீ.க்கு மேல் தருகிறது. நால்வர் அமரலாம், பின்னே நால்வரின் பைகளை வைக்க இடமில்லை. பின்கதவுகளும் இல்லை. குழந்தையைப் பின் இருக்கையில் வைத்துக் கட்டி, இறக்கி, பள்ளியில் விட்டுப் போகும் பெற்றோர் வாங்குமுன் ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது, அதுவும் தடித்த குளிராடையோடு.

டயரே முதற்செலவு

முன் சொன்ன உராய்வுக் கெழுவை மாற்றக்கூடிய ஒரே பொருள் டயர். கோடை டயரின் ரப்பர் குளிரில் இறுகிப்போகும். பனிக்கால டயரின் ரப்பர் குளிரிலும் மென்மையாக இருந்து, நுண்ணிய வெட்டுகளால் பனியைக் கவ்வும். பனிக்கட்டியின் மேலுள்ள மெல்லிய நீர்ப்படலத்தை விலக்கும்.

ஒரு காலத்தில் ஜப்பானிலும் இரும்பு ஆணி பதித்த டயர்களே பயன்பட்டன. அவை பனி இல்லாத இடங்களில் தார்ச்சாலையைச் சுரண்டின. செண்டாய் போன்ற நகரங்களில் வசந்தம் வந்தாலே சாலைத்தூசி மூச்சை அடைத்தது. மக்கள் எழுப்பிய குரலால் 1990-இல் தனிச் சட்டம் வந்து ஆணி டயர்கள் விலக்கப்பட்டன. ஆணியில்லாத 'ஸ்டட்லெஸ்' டயர்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. காற்று சுத்தமானது. ஆனால் ஆணிகள் கீறிச் சொரசொரப்பாக வைத்திருந்த பனிக்கட்டியை, புதிய டயர்கள் மெருகேற்றிவிடுகின்றன. சிக்னல் அருகே நூற்றுக்கணக்கான வண்டிகள் நின்று கிளம்பும் இடம் கண்ணாடி போல மின்னும். சப்போரோவில் நடந்து செல்வோர் வழுக்கி விழுவது குளிர்காலச் செய்தியாகவே ஆகிவிட்டது.

நல்ல பனிக்கால டயர் போட்ட முன்சக்கர இயக்கக் கார், கோடை டயர் போட்ட ஜிம்னியைவிட எல்லா வகையிலும் பாதுகாப்பானது. கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் டயரையே வாங்க வேண்டும். ஒக்கினாவா தவிர மற்ற எல்லா ஜப்பானிய மாவட்டங்களிலும், வழுக்கல் தடுப்பு ஏற்பாடு இல்லாமல் பனிச்சாலையில் ஓட்டுவது விதிமீறலாகும்; நான்கு சக்கர இயக்கம் அந்த ஏற்பாடாகக் கருதப்படுவதில்லை. ஸ்டட்லெஸ் டயரின் வரிப்பள்ளத்துக்குள் பாதி உயரத்தில் ஒரு மேடு இருக்கும். தேய்மானம் அந்த மேட்டை எட்டினால், கோடைக்கு ஓட்டலாமே தவிர பனிக்கு உதவாது. தேயாவிட்டாலும் சில ஆண்டுகளில் ரப்பர் இறுகிவிடும். பழைய வண்டி வாங்குவோர் டயரின் பக்கவாட்டில் பொறித்துள்ள தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் பார்ப்பது அவசியம்.

2018 டிசம்பரில் இன்னொரு விதி சேர்ந்தது. பெரும்பனி எச்சரிக்கை வரும் நாட்களில், குறிப்பிட்ட 13 சாலைப் பகுதிகளில் பனிக்கால டயர் இருந்தாலும் சங்கிலி கட்டாத எந்த வண்டியும் செல்லக் கூடாது. நான்கு சக்கர இயக்க வண்டிக்கும் விலக்கில்லை. தினப்பயணம் அப்பகுதி வழியே போகுமானால் சங்கிலியும் வாங்க வேண்டும். எந்தச் சக்கரத்தில் கட்டுவது என்பதைக் கையேட்டில் பார்த்து, வெயில் நாளிலேயே ஒருமுறை கட்டிப் பழக வேண்டும்.

யாருக்குப் பொருந்தும்

பனிவாரி எந்திரம் வருமுன் விடியற்காலையில் கிளம்பியாக வேண்டியவர், வீட்டிலிருந்து பெருஞ்சாலை வரை தள்ளப்படாத ஏற்றச்சாலை உள்ளவர், போகாமல் இருக்க முடியாத வேலை பார்ப்பவர்: இவர்களுக்கு ஜிம்னி தரும் உறுதிக்கு ஈடு சொல்ல முடியாது. மருத்துவமனை, முதியோர் இல்லம், மின்சாரம், தபால் ஆகிய துறைகளில் உள்ளோர் பலர் இதில் அடங்குவர். அவர்களுக்குக் குலுக்கலும் எரிபொருள் செலவும் பொறுத்துக்கொள்ளக் கூடியவையே. தூரம் 10, 15 கி.மீ.க்குள் என்றால் தயங்கவே வேண்டியதில்லை.

சமநில நகரில், பகலில், தள்ளிய சாலையில் போய் வருபவருக்கு அது தேவையில்லை. தானியங்கி நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஒரு சாதாரணக் குறுங்கார் போதும். நீர் பீய்ச்சும் சாலை உள்ள நகரில் முன்சக்கர இயக்கமும் நல்ல டயருமே போதும். ஆண்டில் நான்கு மாதப் பனிக்காக எட்டு மாதமும் அதன் குலுக்கலைத் தாங்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

நடுத்தர நிலையில் உள்ளவர்களுக்குத்தான் முடிவு கடினம். தினமும் விரைவுச்சாலையில் 40, 50 கி.மீ. போகிறவர் ஒருவர், வீடு மட்டும் மலையோரம். விரைவுச்சாலையின் குறுக்குக்காற்றில் உயரமான, எடை குறைந்த ஜிம்னி அலையும். 64 குதிரைத்திறனுக்கு அந்த வேகம் திணறல். இத்தகையவர் நீண்ட அச்சிடைவெளி உள்ள, சற்றுப் பெரிய நான்கு சக்கர இயக்கக் காரையே பார்க்கலாம். அல்லது கடும்பனி நாட்களில் முந்தைய இரவே நகரில் தங்குவதற்கு ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு அப்படிப்பட்ட நாட்கள் ஐந்தாறு மட்டும் என்றால், வண்டியை மாற்றுவதைவிட அதுவே மலிவு.

பராமரிப்பும் அவசர நிலையும்

பனி உருகச் சாலையில் தூவும் உப்பும் கால்சியம் குளோரைடும் இரும்பை அரிக்கும். ஏணிச் சட்டகம் முழுதும் இரும்பு என்பதால் ஜிம்னி போன்ற வண்டிக்கு இது பெரிய பகை. முதல் குளிர்காலத்துக்கு முன்பே அடிப்பாகத்தில் துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பருவம் முழுதும் அடிப்பாகத்தை நீரால் கழுவிவர வேண்டும். பழைய வண்டி வாங்குவோர் மேற்பூச்சின் பளபளப்பைப் பார்ப்பதைவிட, வண்டியைத் தூக்கிச் சட்டகத்தைப் பார்ப்பதே அறிவு. கடுங்குளிரில் பாட்டரியின் திறன் வெகுவாகக் குறையும். அதனால் குளிர்ப்பகுதிகளுக்குப் பெரிய பாட்டரி பொருத்துகின்றனர். இரவில் நிறுத்தும்போது கைப்பிரேக் இழுத்து வைத்தால் அதன் கம்பி உறைந்து விடியலில் விடுபடாமல் போகலாம். ஆகவே சமதரையில் நிறுத்தி, கியரிலோ தானியங்கியில் 'பி' நிலையிலோ விட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்பது வழக்கம். வைப்பர்களையும் நிமிர்த்தி வைப்பார்கள். கூரைமேல் உள்ள பனியைத் தள்ளாமல் கிளம்பினால், முதல் பிரேக்கில் அது முன்கண்ணாடி மேல் சரிந்து பார்வையை மறைத்துவிடும்.

எவ்வளவு திறமையான வண்டியும் முன்னே நிற்கும் லாரியைத் தாண்டிப் போக முடியாது. 2020 டிசம்பரில் டோக்கியோவையும் நீகாட்டாவையும் இணைக்கும் கானெட்சு விரைவுச்சாலையில் பெரும்பனியால் சுமார் 2,100 வண்டிகள் சிக்கின. முழுதும் மீட்க இரண்டு நாட்களுக்கு மேல் ஆயிற்று. அந்த வரிசையில் நான்கு சக்கர இயக்க வண்டிகளும் சேர்ந்தே நின்றன. இப்படிச் சிக்கும்போது உயிரைப் பறிப்பது பெரும்பாலும் குளிர் அல்ல, புகை. வெப்பத்துக்காக எஞ்சினை ஓடவிட்டிருக்கையில் புகைக்குழாயைப் பனி மூடினால், கார்பன் மோனாக்சைடு வண்டியின் அடிவழியே உள்ளே புகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கம் வருவதுபோல் இருக்கும். 2018 பிப்ரவரியில் ஃபுக்குயி மாவட்டப் பெரும்பனியில் இவ்வாறு உயிரிழப்பு நேர்ந்தது. எனவே எஞ்சினை நிறுத்தி வைப்பதே நல்லது. ஓட விட்டே ஆக வேண்டுமென்றால், அடிக்கடி இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை வாரி, சன்னலைச் சற்றே திறந்து வைக்க வேண்டும். அதற்கு வண்டியில் ஒரு மண்வாரி வேண்டும். கம்பளி, குடிநீர், கைவிளக்கு, இழுவைக் கயிறு, கையுறை ஆகியவற்றோடு டிசம்பர் முதல் மார்ச் வரை அது வண்டியிலேயே கிடக்கும். எரிபொருள் தொட்டியும் பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வார்கள்.

இந்தியத் தொடர்பு

ஜிம்னியின் இரண்டாம் தலைமுறை, 1985 முதல் மாருதி ஜிப்சி என்ற பெயரில் இந்தியாவில் தயாரிக்கப்பட்டு, ராணுவத்திலும் காவல் துறையிலும் நெடுங்காலம் ஓடியது. ஐந்து கதவு கொண்ட நீண்ட ஜிம்னி 2023-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அதன் அச்சிடைவெளி 2,590 மி.மீ.; எஞ்சின் 1.5 லிட்டர், அகலம் 1,645 மி.மீ. ஹரியானாவின் குருகிராம் ஆலையில் தயாராகும் இவ்வண்டி, 2025-இல் 'ஜிம்னி நோமேடு' என்ற பெயரில் ஜப்பானுக்கே ஏற்றுமதியானது. அறிவித்த சில நாட்களிலேயே சுமார் 50,000 பேர் பதிவு செய்ததால் சுசுகி பதிவை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. குறுங்கார் வரிச் சலுகை இதற்குக் கிடையாது. ஆனால் மேலே சொன்ன குறைகளில் குட்டை அச்சிடைவெளி, பின்கதவு இல்லாமை, விரைவுச்சாலைத் திணறல் ஆகிய மூன்றையும் இது பெரும்பாலும் தீர்க்கிறது. நெம்புகோலால் மாற்றும் பகுதிநேர இயக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.